காடும் கொல்லையும் கண்ட மா. கிருஷ்ணன்

சோறு வடித்து இறக்கியதும் முதற்பிடியை எடுத்துக் கொல்லைச் சுவரின்மேல் வைத்துக் காக்கையை அழைக்கும் வழக்கம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீடுகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. அமாவாசையன்று காக்கை வாய் வைக்கும்வரை இலைமுன் எவரும் உட்காராத வீடுகள் உண்டு. நெற்கதிர்களைக் குஞ்சம்போல் பின்னித் திண்ணை உத்தரத்தில் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிகளுக்கு விருந்து வைத்த வீடுகளும் உண்டு. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகமோ செம்பருந்துகளுக்கு நாள்தோறும் நடக்கும் பந்தி. மேலைநாடுகளில் பனி மூடிய காலத்தில் தோட்டத்தில் தீனித்தட்டைத் தொங்கவிட்டு, வரும் பறவைகளைக் கண்டு களிப்பதும் படம் எடுப்பதும் பெரும் பொழுதுபோக்கு. நமக்குத் தட்டு வேண்டியதில்லை. ஒரு சுவரும் ஒரு பிடி சோறும் போதும். ஆனால் வந்து உண்டது கழுத்தில் சாம்பல் நிறமுள்ள வீட்டுக்காகமா, உடல் முழுதும் கறுத்த அண்டங்காக்கையா என்று நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அவ்வாறு நின்று பார்ப்பதையே வாழ்வாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். பார்த்ததை எழுதினார், எழுதியதற்கேற்பப் படம் வரைந்தார், வரைந்தது போதாமல் காமிராவைத் தூக்கினார். அவர்தாம் மா. கிருஷ்ணன். காட்டுயானையைப் படம் பிடித்த கிருஷ்ணனை அறிந்தவர்கள் நம் நாட்டில் பலர். கொல்லைப்புறத்துக் குருவியைப் படம் பிடித்த கிருஷ்ணனை, அதிலும் தமிழில் எழுதிய கிருஷ்ணனை அறிந்தவர்கள் சிலரே. இக்கட்டுரையில் அந்த இரண்டாமவரைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தையார் அ. மாதவையா. தமிழ் இலக்கிய வரலாறு படிக்கும் மாணவர்கள் இப்பெயரைக் கேட்டதும் பத்மாவதி சரித்திரத்தை நினைவுகூர்வர். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவராகிய மாதவையா, அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். ஓய்வுபெற்றபின் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டு, பஞ்சாமிர்தம் என்னும் மாத இதழையும் நடத்தினார். அந்நாளைய மயிலாப்பூர் இன்று நாம் காணும் மயிலாப்பூர் அன்று. புதரும் மரமும் மண்டிக்கிடந்த பகுதி அது. பறவைகளுக்குக் குறைவில்லை, நரி வரும், வெளிமானும் உண்டு. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். காட்டைத் தேடி அவன் போகவில்லை. காடே கொல்லைவரை வந்து நின்றது எனலாம்.

1925ஆம் ஆண்டு அவ்வீட்டில் பேரிடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசிய மாதவையா, அங்கேயே உயிர் துறந்தார். கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பட்ட வகுப்பில் முதற்பகுதியாகத் தமிழைப் படிக்கும் நாம், அது மிக இயல்பாக வந்து அமைந்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்காகப் பேசிக்கொண்டே ஒருவர் இறந்திருக்கிறார் என்பது எனக்கு இவ்வரலாற்றைப் படிக்கும்வரை தெரியாது. தந்தை விட்டுச் சென்ற மொழிப்பற்று மகனிடம் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. அதைப் பின்னர்க் காண்போம்.

1927இல் கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்னும் ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் வளரும் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர் அவர். பேராசிரியரும் அவருடைய மனைவியாரும் மலைகளுக்குச் செடி சேகரிக்கச் செல்லும்போது கிருஷ்ணனும் உடன் செல்வார். இலையின் விளிம்பையும் நரம்பையும் பிழையின்றிக் காணக் கணவர் கற்பித்தார். கண்டதை நீர்வண்ணத்தில் தீட்ட மனைவியார் கற்பித்தார். ஆய்வுக்கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கும் உலர்ந்த செடியைப் பார்த்துப் பதிவேட்டில் படம் வரையும் நமக்கு, இது எத்தகைய பேறு என்பது விளங்கும்.

எனினும் தேர்வு மதிப்பெண்களில் கிருஷ்ணன் பேர் பெற்றவர் அல்லர். தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்; பின்னர்ச் சட்டமும் படித்தார். பட்டங்கள் சேர்ந்தனவே தவிர வேலை சேரவில்லை. மதிப்பெண் குறைவு காரணமாகக் கல்லூரி வேலைக்கு வழியில்லை. வக்கீல் தொழிலில் மனமில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் அனுப்பிக் காலம் தள்ளினார். 1937இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். திருமணமான பின்னும் ஐந்தாண்டுகள் நிலையான தொழில் இல்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் மிகப் பலர். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி நம்மோடு பேருந்தில் ஏறி, நம்மோடு இறங்குகிறது. கிருஷ்ணனைப் போல வேலையின்றித் திரிந்து பறவை பார்க்க நம்மால் முடியுமா? முடியாது என்பதே நேர்மையான விடை. அவருக்குத் தந்தையின் புத்தக அலமாரி இருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு பெற்றுப் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே உயர்ந்த அண்ணன் அனந்தநாராயணன் இருந்தார். வீட்டில் இரண்டு மொழிகள் சரளமாகப் புழங்கின. இவற்றை மறைத்துவிட்டு, ஆர்வம் ஒன்றே அவரை உயர்த்தியது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, வசதியான பதவிகளை நாடாமல், எழுத்துக் கூலியிலும் படக் கூலியிலும் கடைசிவரை வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஒரு வேலை அன்று, பல. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று ஏழாண்டுகளில் பல நாற்காலிகளில் அமர்ந்தார். எஞ்சிய நேரமெல்லாம் சந்தூர்க் குன்றுகளில் அலைச்சல். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாவின் காலில் கடிதம் கட்டி அனுப்பும் தபால் முறைக்காகப் புறாக்களை வளர்த்தார். நீதிபதி ஆடு மேய்த்த ஊர் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். 1949இல் சந்தூர் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானம் போயிற்று, வேலையும் போயிற்று. கிருஷ்ணன் மனைவி மகனோடு சென்னைக்குத் திரும்பினார். அப்போது வயது முப்பத்தேழு. அதன்பின் எவரிடத்தும் அவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை.

1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில், கண்ட்ரி நோட்புக் என்ற தலைப்பில் இரு வாரங்களுக்கு ஒருமுறை எழுதத் தொடங்கினார். இத்தொடர் நாற்பத்தாறு ஆண்டுகள் நடந்தது. புலியும் யானையும் எழுதக் கிடைத்தபோதும், காக்கை, மைனா, அணில், புள்ளி ஆந்தை, தெருநாய் ஆகியவற்றுக்கு அவர் இடம் மறுத்ததில்லை. 1961இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவருடைய நூலின் பெயரே ஜங்கிள் அண்ட் பேக்யார்டு, அதாவது காடும் கொல்லைப்புறமும் என்பதாகும். இரண்டையும் ஒரே தராசில் வைத்த மனம் அது.

அவருடைய படக்கலையைப் பற்றி ஓர் அறிவியல் மாணவன் என்ற முறையில் சற்று விரிவாகக் கூற வேண்டும். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். வண்ணச்சுருள் கடைக்கு வந்த பின்னும் அவர் மாறவில்லை. அவருடைய காமிரா கடையில் வாங்கியபடி இருந்த காமிராவும் அன்று. ஒரு கம்பெனியின் உடற்பகுதி, இன்னொரு கம்பெனியின் தொலைவில்லை, வேறெங்கோ கிடைத்த உதிரிகள் எல்லாவற்றையும் தம் கையாலேயே பொருத்தி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று விளையாட்டாகப் பெயரும் சூட்டியிருந்தார். பெரிய பெரிய லென்சுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள், ரப்பர் வளையத்தால் கட்டி நிறுத்தியதுபோல் தோன்றும் இக்கருவியைக் கண்டு திகைத்தார்களாம்.

கருவியால் ஆவது சிறிதே என்பதைக் கணக்காலும் காட்டலாம். சிட்டுக்குருவியின் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. அதை 6 மீட்டர் தொலைவிலிருந்து 300 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்சினால் எடுத்தால், படச்சுருளில் விழும் பிம்பம் முக்கால் செ.மீ. அளவே இருக்கும். அதே லென்சோடு 3 மீட்டருக்கு நெருங்கினால் பிம்பம் ஒன்றரை செ.மீ. ஆகும். பணம் கொடுத்து இருமடங்கு நீண்ட லென்ஸ் வாங்குவதும், பறவை அஞ்சாதபடி பாதித் தொலைவு நெருங்குவதும் பிம்பத்தின் அளவைப் பொறுத்தவரை ஒன்றே. முன்னதற்குப் பணம் வேண்டும்; பின்னதற்குப் பொறுமை வேண்டும். பறவை எந்நேரம் எங்கு வந்து அமரும், வெயில் எப்பக்கம் விழும், காற்று எத்திசையில் வீசும் என்று முன்கூட்டியே அறிந்து, அங்கே அசையாமல் காத்திருக்க வேண்டும். அந்நாளையச் சுருளுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். பறவை தலையைத் திருப்பினால் படம் கலைந்துவிடும். சுருளின் விலையோ அதிகம். இன்றைய கைப்பேசியைப் போல ஐம்பது எடுத்து நாற்பத்தொன்பதை அழிக்க இயலாது. கைப்பேசியில் இரு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பறவையைப் பெரிதாக்குவதில்லை, புள்ளிகளைத்தான் பெரிதாக்குகிறது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

வண்ணம் இல்லாத படத்தில் பறவையை எவ்வாறு அடையாளம் காண்பது என்று ஒருவர் கேட்கலாம். நிற்கும் நிலை, அலகின் வளைவு, வாலின் நீளம், அமரும் கிளை இவற்றால்தான். பனங்காடை மின்கம்பியில் அமர்ந்திருப்பதைப் பாருங்கள். அதன் நீலம் சிறகு விரிந்தபோதுதான் தெரியும். அமர்ந்திருக்கையில் பெரிய தலையும் குந்தியிருக்கும் தோரணையுமே அடையாளம். கரிச்சானுக்கு நிறமே தேவையில்லை, கவட்டை வால் போதும். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து கம்பிகளைப் பார்த்தபடி சென்றால், இப்பாடத்தைப் பயணச்சீட்டு விலையிலேயே படித்துவிடலாம்.

இதே காலத்தில் பம்பாயில் வாழ்ந்த சாலிம் அலியை நாம் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அவரும் வேலையில்லாத நாட்களில்தான், 1930இல், கிகீம் கடற்கரையில் தம் குடும்ப வீட்டருகே ஏணிமேல் ஏறி அமர்ந்து தூக்கணாங்குருவியின் இல்லறத்தை ஆராய்ந்தார். ஒரு கூட்டைக் கட்டிப் பெட்டையைக் குடிவைத்த ஆண் குருவி, உடனே அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும் செய்தியை உலகுக்கு விளக்கியது அந்த ஆராய்ச்சிதான். பேராய்வுக்கூடம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நம் பக்கத்திலும் கிணற்றோரத்துப் பனையிலும் ஈச்சமரத்திலும் தூக்கணாங்கூடுகள் தொங்கக் காணலாம். பாதி கட்டிக் கைவிட்ட கூடுகளும் நடுவே தொங்கும். பெட்டை வந்து பார்த்துப் பிடிக்காமல் போன வீடுகள் அவை.

இனித் தமிழ்க் கிருஷ்ணனுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அவர் எழுதியதை நாடறியும். அதே காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கும் எழுதிக் கொடுத்தார். 1954இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்த அக்களஞ்சியம், அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டிய பெருமுயற்சி. இதில் தந்தையின் குரல் எனக்குக் கேட்கிறது. பட்டப்படிப்பில் தமிழ் வேண்டும் என்று தந்தை வாதாடினார். படிப்பதற்குரிய பொருளை மகன் தமிழில் எழுதி வைத்தார்.

பறவைகளின் தமிழ்ப் பெயர்களில் அவருக்கு நாட்டம் மிகுதி. சங்கப் பாடல்களில் வரும் விலங்கும் புள்ளும் நேரில் கண்டு எழுதப்பட்டவை என்பதை, காடறிந்த கண்ணோடு படித்து உணர்ந்தவர் அவர். பெயரைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வகுப்பில் இலத்தீன் பெயரை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்கிறோம். நடவு வயலில் வேலை செய்யும் நம் தாய்மார்களைக் கேட்டால் செம்போத்து, தவிட்டுக்குருவி, உள்ளான், நாகணவாய், வால்காக்கை, வக்கா என்று பத்துப் பெயர்களை மூச்சு விடாமல் சொல்வார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஏன் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கிறது என்று பாடத்தில் படிப்பதற்கு முன்பே, அது வயல் நத்தையை எப்படி ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கிறது என்பதை அவர்கள் கண்டிருப்பார்கள். அதை எவரும் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

வேடந்தாங்கலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கடலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும்போது மதுராந்தகம் ஏரியைக் கடக்கிறோமே, அதற்கு அருகிலுள்ள சிற்றூர் அது. ஏரியில் நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா முதலியன கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் விழுந்து உரமேறிய ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்து விளைச்சல் பெருகுவதை அவ்வூர் உழவர்கள் தாமே கண்டறிந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். சூழலியல் என்ற சொல்லே பிறவாத காலம் அது. கிருஷ்ணன் இங்கு வந்து எந்தப் பறவை எப்போது வருகிறது, எம்மரத்தில் எந்த உயரத்தில் கூடு வைக்கிறது என்று கவனித்து எழுதினார். இவ்வெழுத்துகள் பிற்காலத்தில் பெருமாள்முருகனின் பதிப்பில் பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற நூலாயின. நம் வீராணம் ஏரிக்கும், பெருமாள் ஏரிக்கும், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கும் நம் மாணவர் ஒருவர் தமிழில் இப்படி ஒரு பருவக்குறிப்பு எழுதினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இதற்குக் கருவி ஒரு நோட்டுப்புத்தகம். தேதியும் நேரமும் பிழையில்லாமல் இருந்தால் போதும்.

பதவிகளும் பரிசுகளும் அவரைத் தேடி வந்தன. 1968இல் நேரு ஆய்வு நிதி கிடைத்தது. அதைக்கொண்டு தென்னாட்டின் பெரிய பாலூட்டிகளைக் காடுகாடாகச் சென்று ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ. இந்திய வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினர். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தவர்களுள்ளும் ஒருவர். மேலதிகாரி, அமைச்சர் என்று பாராமல் மனத்தில் பட்டதைச் சொல்லும் இயல்பினர். அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் விடாது எதிர்த்தார். ஆஸ்திரேலியாவின் தைலமரத்தையும், மடகாஸ்கரின் செம்மயிற்கொன்றையையும் நட்டுவிட்டு மரம் வளர்த்ததாகப் பெருமை பேசுவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. இந்த மண்ணின் மரமும் விலங்கும் பறவையும் கோயில்களைப்போலவே இந்நாட்டின் சொத்து என்பது அவர் கொள்கை. அவ்வாறு பார்த்தால், நம் கடலூர்க் கடற்கரைக்கு அழகு தரும் சவுக்குத் தோப்பும் 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்ததே. இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. சவுக்கை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு மிகப் பல. 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்த பின், எது சீக்கிரம் விளையுமோ அதைத்தான் உழவன் நடுவான். சொந்தநாட்டு மரம் இருபது ஆண்டு கேட்கும். கிருஷ்ணன் இருந்திருந்தால் இதற்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்று அறிய ஆவலாயிருக்கிறது.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் காலமானார். கண்ட்ரி நோட்புக் தொடரின் கடைசிக் கட்டுரை அன்றைய ஸ்டேட்ஸ்மன் இதழில் வெளிவந்தது. கதிரேசன் செட்டியாரின் காதல் என்ற துப்பறியும் நாவல் ஒன்றையும் அவர் தமிழில் எழுதியிருந்தார் என்பது பலருக்கு வியப்பைத் தரும். பழைய இதழ்களில் சிதறிக்கிடந்த இயற்கைக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுக்க, 2002இல் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக வந்தன. எழுதியவர் மறைந்து ஆறாண்டுகள் கழித்தே அக்கட்டுரைகள் நம் கைக்கு எட்டின. ஆங்கிலக் கட்டுரைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியவை. தமிழ்க் கட்டுரைகளை வீட்டில் உரக்கப் படிக்கலாம். அடுப்படியில் இருப்பவர்களும் கேட்டு, அந்தக் குருவி நம் கொல்லையிலும் வருகிறதே என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.